பழைய வேகக் கார்களுக்கு டயர் அளவு: மலையக வீதிகளில் எதைப் பார்த்துத் தெரிவு செய்வது

ஜாகுவார் ஈ-டைப்பின் இரண்டாம் வரிசைக் காருக்கான கையேட்டில் டயர் அளவு 185 விஆர் 15 என்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கண்டியிலோ நுவரெலியாவிலோ டயர் கடைக்குப் போனால், பெரும்பாலும் கையில் கிடைப்பது 185/65 ஆர் 15. அகலம் 185, ரிம் 15 அங்குலம், இரண்டும் ஒத்துப்போகின்றன. ரிம்மில் சிக்கலில்லாமல் ஏறியும்விடும். ஆனால் அந்தப் புது டயரின் முழு உயரம் பழையதைவிட ஏறக்குறைய 63 மி.மீ. குறைவு. கார் 31 மி.மீ. தாழ்ந்து நிற்கும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 91 அளவில்தான் இருக்கும். அதே வேகத்துக்கு எஞ்சின் பத்து வீதம் கூடுதலாகச் சுற்றும்.

குழப்பத்துக்குக் காரணம் விடுபட்டிருக்கும் ஓர் எண். 185/65 என்பதில் 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை வீதம் என்பதைச் சொல்கிறது. பழைய ரேடியல் டயர்களில் (உள்ளே நூலிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காகப் போகும் டயர்கள்) அந்த எண்ணை அச்சிடவே இல்லை. அது 80 முதல் 82 வரை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே 165 எஸ்ஆர் 13 என்று கண்டால் (எஸ் வேகக் குறி, ஆர் ரேடியல்) 165/82 ஆர் 13 என்று வாசிக்க வேண்டும். இன்றைய அளவுகளில் அதற்கு நெருங்கியது 165/80 ஆர் 13.

ரேடியலுக்கும் முந்திய, நூலிழைகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்லும் கிராஸ்பிளை டயர்களில் அகலமும் அங்குலத்தில்தான் இருக்கும்: 5.20-10, 5.60-14, 5.90-15, 6.40-15 என்று. இந்த வரிசையில் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் ஏறத்தாழ 88 வீதம். மினியின் 5.20-10 இடத்தில் 145 ஆர் 10, எம்ஜிபியின் 5.60-14 இடத்தில் 155 ஆர் 14, டிரையம்ப் டிஆர்4-இன் 5.90-15 இடத்தில் 165 ஆர் 15, முதல் ஈ-டைப்புகளின் 6.40-15 இடத்தில் 185 ஆர் 15 என்று மாற்றிக்கொள்ளலாம். எம்ஜிபிக்கு 165 ஆர் 14-உம் தொழிற்சாலையே பூட்டிய அளவுதான்.

உயரத்தைக் கணக்கிட ஒரே சூத்திரம் போதும். ரிம் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கி, அதோடு பக்கச்சுவர் உயரத்தை இருமுறை கூட்ட வேண்டும். 165 ஆர் 13-க்கு 330 உடன் 271 சேர்த்து 601 மி.மீ. வரும். கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் நேரடியாகவே அளந்து பார்க்கலாம். சாரதி ஆசனத்தில் ஓர் ஆள் இருக்க, டயர் தரையைத் தொடும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் டயரிலும் தரையிலும் ஒரு கோடு போட்டு, சில்லு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்வரை காரைத் தள்ளி, தரையில் மறுபடியும் கோடு போட வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் இடையிலான தூரம் 165 ஆர் 13 டயருக்கு 1,830 மி.மீ. அளவில் வரும். பாரத்தில் டயர் சற்று நசுங்குவதால், கணக்குப்படி வரும் சுற்றளவைவிட இது மூன்று வீதம் குறைவாகவே இருக்கும். புது டயரை வாங்கும் முன் பழையதில் இந்த அளவை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

டயர் தெரிவில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த உயரத்தைத்தான். மலையகத்தில் இது கொழும்பைவிடப் பலமடங்கு முக்கியம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய 16 வீதம் குறைவு. டர்போ இல்லாத கார்புரேட்டர் எஞ்சின் தன் இழுவையில் அவ்வளவையும் இழந்துவிட்டுத்தான் மேலே வந்து சேர்கிறது. அந்த நிலையில் டயரை உயரமாக்கினால் கியர் எல்லாம் நீண்டுபோகும். ரம்பொடை ஏற்றத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இழுத்துக்கொண்டு வந்த கார், ஐந்து வீதம் உயரமான டயரோடு திணறி முதலாம் கியருக்குப் போகும். கிளட்ச் கருகும் வாசனை அங்கேதான் தொடங்கும். இறங்கும்போதும் அதே டயர் பிரேக்குக்கு எதிராக நிற்கும். ஆரம் கூடினால் அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடி குறைகிறது. எஞ்சின் பிரேக்கிங்கும் தளர்கிறது. நானுஓயா–ரதெல்ல குறுக்கு வீதி போன்ற செங்குத்தான இறக்கத்தில் டிரம் பிரேக் உள்ள காருக்கு இது சிறிய விடயமல்ல.

உயரம் குறைந்த டயர் இதற்கு நேர்மாறு. ஃபோர்ட் எஸ்கோர்ட் மெக்ஸிகோ 165 எஸ்ஆர் 13 டயரோடு வந்த கார். அதற்கு 185/60 ஆர் 13 போட்டால் உயரம் 552 மி.மீ. ஆகிறது, அதாவது எட்டு வீதம் குறைவு. கியர்கள் எட்டு வீதம் குறுகி, மலையில் இழந்த இழுவையில் பாதி சில்லில் திரும்பக் கிடைக்கிறது. காரின் எடைமையமும் 24 மி.மீ. தாழ்கிறது. மஹகஸ்தொட்டை மலையேற்றப் போட்டிக்குக் கார் தயாரிப்பவருக்கு இவை இரண்டுமே இலாபம். அந்தக் காரணத்துக்காக 6 அங்குல ரிம்மில் 185/60 போடுவதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அதே கார் ஹட்டனிலிருந்து தோட்டப் பாதையில் பங்களாவுக்கு ஏற வேண்டுமானால் கணக்கு மாறுகிறது. தார் விளிம்பு உடைந்து அரை அடி இறங்கியிருக்கும் இடங்களிலும், பாலத்தின் இரு முனைகளில் கல் துருத்தியிருக்கும் இடங்களிலும், அந்த 24 மி.மீ. இல்லாததால் சம்பும் (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) சைலன்சரும் அடிவாங்கும். பக்கச்சுவர் உயரம் 135-இலிருந்து 111 மி.மீ. ஆகக் குறைந்திருப்பதால் குழியில் விழும் அடி நேராக ரிம்மில் இறங்கும். அலோய் ரிம் வெடிக்கும், இரும்பு ரிம் நெளியும்.

இடைவழி ஒன்று உண்டு. 185/70 ஆர் 13-இன் உயரம் 589 மி.மீ. பழைய 165-ஐவிட இரண்டு வீதம்தான் குறைவு. அகலம் கூடுகிறது, பக்கச்சுவர் அதிகம் தாழவில்லை. எஸ்கோர்ட், பிஎம்டபிள்யூ 2002, டட்சன் எஸ்எஸ்எஸ் போன்ற 13 அங்குலக் கார்களில் மலை வீதிக்கு நாம் முதலில் தேடச் சொல்வது இதைத்தான், 5 அல்லது 5.5 அங்குல ரிம் இருந்தால் மட்டும். ரிம் 4.5 என்றால் 165/80 அல்லது 175/70 ஆர் 13-ஓடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 175/70-இன் உயரம் 575. குறைவு நான்கு வீதத்துக்குச் சற்று மேலே போகிறது. மலையில் அது ஏற்கத்தக்க குறைவுதான்.

ரிம் அகலத்தை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். அகலமான டயரை ஒடுங்கிய ரிம்மில் திணித்தால் பக்கச்சுவர் இரண்டும் உள்நோக்கி வளைந்து டயர் உப்பி நிற்கும். நேர்வீதியில் ஒன்றும் தெரியாது. வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பியதும் முதலில் பக்கச்சுவர் சாயும், அதன் பிறகே கார் திரும்பும். ஒடுங்கிய ரிம் டயரை வாங்கிப் போட்ட அகலத்துக்கும் விடாது. ரிம் அரை அங்குலம் மாறினால் டயரின் அகலம் 5 மி.மீ. அளவில் கூடும் அல்லது குறையும். ரிம்மின் அகலத்தை வெளி ஓரத்தில் அளக்கக் கூடாது. டயரின் விளிம்பு உட்காரும் இரண்டு உட்சுவர்களுக்கு இடையே அளக்க வேண்டும். வெளியே அளந்தால் ஓர் அங்குலம் வரை கூடுதலாகக் காட்டும்.

மினியில் இது அப்பட்டமாகத் தெரியும். கூப்பர் எஸ் 145-10 டயரோடு வந்தது. இன்று எல்லோரும் விரும்புவது 165/70 ஆர் 10. உயரம் 485 மி.மீ., பழையதைவிட ஒன்றரை வீதம்கூடக் குறையவில்லை. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் மாற்று அளவு பழைய கார்களில் அபூர்வம். ஆனால் அதற்குக் குறைந்தது 4.5 அங்குல ரிம் வேண்டும். சாதாரண மினியின் 3.5 அங்குல ரிம்மில் அதை ஏற்றுவது தவறு. யோகோஹாமா ஏ008, ஃபால்கன் எஃப்கே07இ ஆகியவை இந்த அளவில் வந்த டயர்கள். இங்கே கடையில் பெரும்பாலும் கிடைக்காது, வரவழைக்கத்தான் வேண்டும்.

1984-க்குப் பிந்திய 12 அங்குல மினிக்கு 145/70 ஆர் 12. அதே அளவு மாருதி 800-இலும் இருப்பதால் எந்த ஊரிலும் கிடைக்கும், மலிவும்கூட. சாதாரண எஞ்சினுக்கு அது போதும். ஆனால் கடையில் அதற்குப் பக்கத்திலேயே 145/80 ஆர் 12-உம் சிறிய வேன்களுக்கான 145 ஆர் 12-உம் அடுக்கியிருப்பார்கள். முதலாவது ஆல்ட்டோ டயர், கிட்டத்தட்ட ஆறு வீதம் உயரம். இரண்டாவது ஏழு வீதம் உயரம், அதிலும் ஆறு பிளை (ஆறு நூலடுக்குக்கு ஈடான பலம்). மினியின் மட்கார்டுக்குள் அது திரும்பும்போது உரசும். அதைவிட மோசம், பாரத்துக்காகத் தடித்துச் செய்த அந்த உடல் 650 கிலோ காரின் எடைக்கு வளைந்தே கொடுக்காது. டயர் வளையாவிட்டால் வீதியைப் பிடிக்காது. 13 அங்குலத்திலும் இதே பொறி உண்டு. 165 ஆர் 13 கேட்டால் அதே எண்ணோடு ‘சி’ எழுத்துப் போட்ட எட்டுப் பிளை வேன் டயரை எடுத்துத் தருவார்கள். எண் சரியாக இருக்கிறதே என்று வேகக் காருக்கு அதைப் பூட்டினால், நனைந்த வளைவில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் விலகும். அளவுக்குப் பின்னால் ‘சி’, ‘எல்டி’, அல்லது ஆறு பிளை, எட்டுப் பிளை என்ற குறி இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாரக் குறியையும் வேகக் குறியையும் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாரக் குறி 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ, 83 என்றால் 487, 86 என்றால் 530, 88 என்றால் 560. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு கனமான அச்சில் விழும் எடையைப் பாதியாக்கி, அதற்கு மேலே நல்ல மிச்சம் வைத்து எடுக்க வேண்டும். பழைய எஸ்ஆர் மணிக்கு 180 கி.மீ. வரை, எச்ஆர் 210 வரை, விஆர் 210-க்கு மேலே. இன்றைய எழுத்துகளில் எஸ் 180, டி 190, எச் 210, வி 240. நம் வீதியில் 180 போக இடமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் எச் குறியுள்ள டயர் சூட்டைத் தாங்குவதிலும் வளைவில் உடல் குலையாமல் நிற்பதிலும் மேல். நீண்ட இறக்கத்தில் பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்கு வரும்போது அந்த வித்தியாசம் பயன்படும்.

ரிம்மின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டியூப் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடாது. டயரைக் கழற்றிய பிறகு, விளிம்பு உட்காரும் தட்டையான பகுதியில் ரிம்மின் நடுப்பள்ளத்தை நோக்கி விரலை ஓட்டிப் பாருங்கள். பள்ளத்துக்குள் இறங்கும் முன் சிறு மேடு ஒன்று விரலில் தட்டுப்பட்டால் அது டியூப் இல்லாத டயருக்கான ரிம். வழுவழுவென்று நேராக இறங்கினால் டியூப் போட வேண்டும். அந்த மேடு இல்லாத ரிம்மில் காற்று சற்றுக் குறைந்தாலும், இறுக்கமான வளைவில் வெளிப்பக்க டயரின் விளிம்பு இருக்கையை விட்டு நழுவும், ஒரே கணத்தில் முழுக் காற்றும் போய்விடும். கம்பிச் சில்லுகளுக்கு எப்போதும் டியூப்தான். கம்பி முனைகளை ராவி மழுக்கி, மேலே ரிம் நாடா சுற்ற வேண்டும். டியூப் டயரின் அளவுக்கே இருக்க வேண்டும். பெரிய டியூப் மடிந்து, மடிப்பிலேயே கிழியும். இன்றைய டயர்களின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தாள் துண்டுகளை உரித்தெடுத்து, உள்ளே டால்க் பவுடர் தூவிப் பூட்டினால் டியூப் உரசித் தேயாது.

இடைவெளியைச் சமதரையில் நிறுத்திப் பார்த்தால் போதாது. முன்சில்லு ஒன்றை ஒரு கட்டையின் மேல் ஏற்றி, ஸ்டீரிங்கை இரு பக்கமும் முட்டும்வரை திருப்பி, மட்கார்டின் உள் ஓரம், சஸ்பென்ஷன் கை, பிரேக் குழாய் மூன்றையும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு குறுக்கே இருக்கும் பின்சில்லையும் கட்டையில் ஏற்ற வேண்டும். கொண்டை ஊசி வளைவில் உட்பக்கம் செங்குத்தாக ஏறும்போது கார் இப்படித்தான் முறுக்கிக்கொள்கிறது. மிக நெருக்கமான இடத்திலும் 10 மி.மீ. மிஞ்ச வேண்டும். ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய காரில் பின் மட்கார்டின் மடிந்த ஓரம் டயரின் தோளை வட்டமாகச் சீவிவிடும். ரப்பர் தூள் மட்கார்டின் உள்ளே ஒட்டியிருந்தால் அது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அகலத்தைக் கூட்டுவதற்கு விலை ஸ்டீரிங்கிலும் உண்டு. பவர் ஸ்டீரிங் இல்லாத காரில் அகலமான டயரும் வெளியே தள்ளிய ரிம்மும் சேர்ந்தால் கடுகண்ணாவை போன்ற வளைவுகளில் தோள்பட்டை வலிக்கும், சில்லு பெயாரிங்கும் சீக்கிரம் போகும். கிராஸ்பிளையிலிருந்து ரேடியலுக்கு மாறும் கார்களில் முன்சில்லுகளின் முன் ஓரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவையும் (டோ-இன்) திருத்த வேண்டும். கையேட்டில் 3 மி.மீ. என்று இருந்தால் ரேடியலுக்கு 1 முதல் 1.5 மி.மீ. போதும். அப்படியே விட்டால் ரேடியலின் வெளித்தோள் தேய்ந்துகொண்டே வரும். இரண்டு வகையையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. வேறு வழியில்லை என்றால் ரேடியல் பின்னால்தான் இருக்க வேண்டும். முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளையுமாக இருந்தால் முன்பக்கம் பிடித்திருக்க, பின்பக்கம் வழுக்கிப் போகும்.

ரப்பரைப் பற்றி. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை ஓயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில் நனையும். நுவரெலியாவில் இரவு வெப்பநிலை பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும் மாதங்கள் உண்டு. பள்ளங்கள் குறைந்த போட்டி டயர்கள் சூடேறிய பிறகே ஒட்டத் தொடங்கும் கலவையில் செய்யப்பட்டவை. பனிமூட்டமான காலையில், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், நனைந்த வீதியில் அவை சூடாகவே மாட்டா. நாள்தோறும் ஓடும் காருக்கு மிஷலின் எக்ஸ்ஏஎஸ், பிரெல்லி சின்டுராட்டோ, வெரெடெஸ்டைன் ஸ்பிரின்ட் கிளாசிக் போன்றவை பொருத்தம். தோற்றத்தில் அந்தக் காலத்து டயர்கள், ஓரத்தில் திடீரென்று கைவிடாமல் மெல்ல மெல்ல நழுவும். அந்தக் கார்களின் சஸ்பென்ஷன் எதிர்பார்த்ததும் அந்தப் பிடியைத்தான். வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கக் குறியைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தியது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் எடுக்கவே கூடாது. அரிதான அளவு என்று சொல்லி இப்படிப்பட்ட டயர்களை நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

காற்றழுத்தத்தில் மலையகத்துக்கென்றே ஒரு தவறான பழக்கம் இருக்கிறது. மேலே ஏறினால் டயரில் காற்று கூடும், கொஞ்சம் திறந்துவிட வேண்டும் என்பார்கள். கணக்கில் பாதி சரி. நுவரெலியாவில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. குறைவதால், மானி அவ்வளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கொழும்பில் 30 பாகையில் 28 பி.எஸ்.ஐ. அடித்த டயர் நுவரெலியாவில் 14 பாகைக்குக் குளிர்ந்ததும் உள்காற்று சுருங்கிவிடும். இரண்டும் சேர்ந்து மறுநாள் காலையில் மானி காட்டுவது 28-க்கும் 29-க்கும் இடையில்தான். ஏறி வந்த சூட்டோடு பார்த்தால் 33, 34 காட்டும். அப்போது திறந்துவிட்டவர் காலையில் காற்றுக் குறைந்த டயரோடு இறங்குவார். இரவு முழுவதும் நின்ற காரில், காலையில், வெயில் படும் முன் பார்ப்பதே முறை.

கையேட்டில் உள்ள அழுத்தம் அந்தக் காலத்து டயருக்கானது. மினிக்கு முன்னால் 28, பின்னால் 26 என்பது இன்றும் நன்றாக வேலை செய்யும். எம்ஜிபிக்குக் கையேடு சொல்லும் 21, 24 இன்றைய மென்மையான பக்கச்சுவர்களுக்குக் குறைவு. இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டிப் பார்க்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் குலைக்க வேண்டாம். காரின் சமநிலை அதில்தான் இருக்கிறது. சில வாரங்கள் ஓடிய பிறகு டயரின் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். இரண்டு தோளும் தேய்ந்திருந்தால் காற்றுப் போதவில்லை, நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் கூடிவிட்டது.

ஐந்தாவது சில்லையும் இதே அளவில் மாற்ற வேண்டும். காரின் பின்பெட்டியில் பழைய 165-ஐ வைத்துக்கொண்டு நான்கில் 185/60 ஓடினால், பஞ்சர் ஆன அன்று பின் அச்சில் ஒரு பக்கம் 24 மி.மீ. உயரமாகிவிடும். வழுக்கல் தடுக்கும் டிஃபரென்ஷியல் உள்ள காரில் அது ஒவ்வொரு கிலோமீற்றரும் உராய்ந்துகொண்டே ஓடும். புது டயரின் முகத்தில் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழுக்கும் படலம் இருக்கும். அது போக முதல் 150 கி.மீ. அளவுக்கு வளைவுகளில் நிதானமாகப் போக வேண்டும். 50 கி.மீ. ஓடியதும் சில்லு நட்டுகளை மறுபடியும் முறுக்கிப் பார்க்க வேண்டும். கம்பிச் சில்லு என்றால் நடு நட்டையும் தட்டிப் பார்த்துவிட வேண்டும்.